இடது மிதி

என் மேஜை இழுப்பறையில் ஒரு சிறு இரும்பு ஆணி கிடக்கிறது. சுண்டுவிரலைவிடக் குட்டையானது. ஒரு பக்கம் சாய்வாகச் சீவிவிட்டது போல் பட்டையாக இருக்கும். ஒரு முனையில் மரை. பட்டையான பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. உடம்பும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. வீட்டை ஒழுங்கு செய்கிறவர்கள் எல்லாரும் எப்போதாவது ஒரு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்திருக்கிறார்கள். நான் தடுத்துவிடுவேன். "இது எதுக்குத் தாத்தா?" என்று பேரன் ஒரு நாள் கேட்டான். "அது எனக்கு வந்த நோட்டீஸ்" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பெயர் காட்டர் பின். சைக்கிள் மிதித்த பலருக்கும் தங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருந்தது தெரியாமலே போயிருக்கும். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டே வகை: சைக்கிள் கடைக்காரர்கள், அதனால் நடுவழியில் நின்றவர்கள். நான் இரண்டாவது வகை.

1967-ஆம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. செங்கற்பட்டில் ஒரு குமாஸ்தா வேலை. ரயில் நிலையத்துக்கும் கொளவாய் ஏரிக்கும் நடக்கும் தூரத்தில் ஓர் அறை. அந்தக் காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில்தான் அம்பத்தூரும் இருந்தது. 1949-இல் தொடங்கிய டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அங்கேதான். புது வண்டி வாங்க ஆசை இருந்தது, பணம் இல்லை. நான் வாங்கிய வண்டி பல கைகள் மாறி வந்தது. அதன் தலையில் ஒட்டியிருந்த பெயர்த் தகடு கூட எங்கோ விழுந்துவிட்டிருந்தது. ஆகவே அதைச் செய்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது; அவர்கள் மீது குறை சொல்லவும் வழியில்லை.

சில மாதங்களில் அந்த வண்டி ஒரு பாஷை பேசத் தொடங்கியது. இடது கால் கீழே இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. காது கேட்பதற்கு முன்பே உள்ளங்காலுக்குத் தெரியும். மிதி ஒரு நூல் அளவு வெறுமனே நகர்ந்து, பிறகுதான் பாரத்தை வாங்கிக்கொள்ளும்.

பஞ்சர் ஒட்டப் போனபோது கடைக்காரப் பாய் மிதியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார்.

"சார், இடது பக்கம் காட்டர் ஆட்டம் குடுக்குது. மாத்திடுங்க."

"நாளைக்குப் பார்க்கலாம், பாய். இப்போதைக்கு நட்டை ஒரு சுற்று முடுக்கி விடுங்களேன்."

"நட்டு முடுக்கினா நிக்காது சார். நட்டு சும்மா காவல். பின்னை அடிச்சு ஏத்தணும். இது தேஞ்சு போச்சு."

புது ஆணி முப்பது பைசாவோ என்னவோதான். பணம் பெரிதில்லை. 'நாளை' என்ற சொல் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. யாரிடமும் முகம் கோணாமல், எதையும் மறுக்காமல், எல்லாவற்றையும் நாளைக்கு என்று இனிமையாகச் சொல்லிவிடுவது என் சுபாவம். நல்ல பிள்ளை என்று எல்லாரும் என்னைச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து தபால் அட்டை வந்தது. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா - அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம் - கல் வேலை செய்கிறவர். ஒரு கிராமத்துக் கோயிலுக்கு வேலை ஒப்புக்கொண்டிருந்தார். லாரியில் கல் வருகிறது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் இறக்கும்போது நூறு ரூபாய் தரவேண்டும். இல்லாவிட்டால் கல் வேறு இடத்துக்குப் போய்விடும். நீ கொண்டுவர முடியுமா என்று எழுதியிருந்தாள். 'சனிக்கிழமை பகலிலேயே வந்துவிடுகிறேன்' என்று உடனே பதில் போட்டேன். பணமும் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மணியார்டர் செய்வதற்கு நேரம் கடந்துவிட்டது என்பதால் எனக்குக் கவலையே இல்லை. நான்தான் போகப் போகிறேனே!

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். ஒரு மணிக்குக் கிளம்பியிருக்கலாம். சாப்பாடு, ஒரு நண்பன், ஒரு கப் காப்பி, நண்பனோடு ஒரு புது நாவலைப் பற்றி வாக்குவாதம். நான் சைக்கிளில் ஏறியபோது மணி நாலு.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். கிட்டத்தட்டப் பாதி வழியில் திருக்கழுக்குன்றம். அந்த நாளில் நண்பகலில் கழுகுகள் அந்த மலைக்கு வந்து உணவு கொண்டுபோகும். அவை வருவது நின்று இப்போது வெகுகாலமாகிறது. நான் மலையடிவாரத்தைக் கடந்தபோது அன்றைய கழுகுகளும் போய்விட்டன, கழுகு பார்க்க வந்தவர்களும் போய்விட்டார்கள். சாயங்காலக் கடற்காற்று நேர் எதிரே வீசியது. கிழக்கே போகிறவனுக்கு அந்தக் காற்று ஒரு மேடு மாதிரி. உட்கார்ந்து மிதித்துப் பயனில்லை என்று எழுந்து நின்று மிதித்தேன். உடம்பின் முழுப் பாரமும் மாறி மாறி ஒவ்வொரு காலில் இறங்கியது. 'டக், டக்' என்ற சத்தம் 'டொக், டொக்' ஆயிற்று.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி எட்டுக் கிலோமீட்டர் போயிருப்பேன். இடது மிதி திடீரென்று காலுக்கு அடியில் இல்லை. நான் ஹாண்டில்பார் மேல் குப்புற விழுந்து எழுந்தேன். கிராங்க் அச்சை விட்டுக் கழன்று சாலை ஓரத்தில் கிடந்தது. கொஞ்சம் பின்னால் போய்த் தேடினேன். நட்டு கிடைக்கவில்லை, பின் கிடைத்தது. நான் மேலே சொன்ன நோட்டீஸ் அதுதான்.

ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தேன். வலது மிதி கீழே இறங்கும். மேலே ஏற்றிவிட இடது கால் இல்லை. எதிர்காற்றில் பத்தடி கூடப் போக முடியவில்லை. திரும்பினால் எட்டுக் கிலோமீட்டர், முன்னே போனால் ஏழு. வண்டியைத் தள்ளிக்கொண்டு, கழன்ற கிராங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பனைமரங்களுக்குப் பின்னால் இருட்டு வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் பாலத்தை நெருங்கும்போது கலங்கரை விளக்கத்தின் ஒளி ஒரு தரம் என் மேல் வந்து போயிற்று, மறுபடி வந்தது. என்னைத் தேடுவது போல இருந்தது.

வீடு சேர்ந்தபோது மணி எட்டு. வாசலில் பெரிய பெரிய கற்கள் இறங்கியிருந்தன. "வாடா தம்பி" என்று அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரை வாங்கும்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள் மட்டும் இருந்தன. அம்மா தன் கையிலிருந்து கழற்றிக் கல்யாணத்தன்று அவளுக்குப் போட்ட இரண்டு தங்க வளையல்களும் இல்லை.

நான் நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சாப்பிடு. நடந்தா வந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஆணியைத்தான் பார்த்தார். வாங்கி அரிக்கேன் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளின் அச்சு முனையைப் பார்த்தார்.

"உருண்டைக் கம்பி. அதுல ஒரு ஓரத்துல மட்டும் தட்டையாச் சீவியிருக்கு. இந்த ஆணியோட தட்டை அதுமேல உக்காருது. அவ்வளவுதானே பிடிப்பு?"

"ஆமாம் மாமா."

"ஒரு ஆள் பாரம் முழுக்க இவ்வளவு இடத்துல நிக்குது. அதுவும் தேஞ்சிருந்தா?"

எனக்குக் கோபம் வந்தது. நான் படித்தவன், அவர் கல் கொத்துகிறவர். அந்த எண்ணம் எனக்கு உள்ளூர இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. அன்று அது இருந்ததுதான் வெட்கம்.

அவர் சொன்னதைப் பிற்பாடு நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிதிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள நீளம் சுமார் ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். அச்சின் கனம் சுமார் 16 மில்லிமீட்டர். மையத்திலிருந்து ஓரம் வரை 8. மிதியின் நீளம் இதைப் போல இருபது மடங்கு. கடப்பாரையின் நீண்ட பக்கத்தில் ஒருவன் அழுத்தினால் குட்டையான பக்கத்தில் பாறை புரள்கிறதே, அதே கதைதான். அன்று என் எடை 55 கிலோ. நான் எழுந்து நின்று மிதித்தபோது அந்தச் சின்ன ஆணியின் மேல் விழுந்தது ஆயிரம் கிலோவுக்கு மேல். ஒரு டன் பாரம்! ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம்.

இடது பக்கம் போனதற்கும் காரணம் இருக்கிறது. பல்சக்கரம் வலது கிராங்கோடு சேர்ந்தே இருக்கிறது. வலது காலின் வேகம் நேரே சங்கிலிக்குப் போய்விடும். இடது காலின் உழைப்போ இடது காட்டரைத் தாண்டி, அச்சை முறுக்கிக்கொண்டு, வலது காட்டரையும் தாண்டித்தான் சங்கிலிக்குப் போகவேண்டும். மாட்டு வண்டியின் அச்சாணிக்குக் கூட இவ்வளவு பொறுப்பு இல்லை. சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது அதன் வேலை. காட்டரோ சக்கரத்தையே சுழற்றவேண்டியிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா என்னைத் தம் கொட்டகைக்கு அழைத்துப் போனார். முடிகிற தறுவாயில் ஒரு சிவலிங்கம் படுக்கவைக்கப்பட்டிருந்தது. கோயிலில் நாம் பார்ப்பது மேலே உள்ள உருளைப் பாகத்தை மட்டும். படுத்திருக்கும் கல்லில்தான் முழு வடிவமும் தெரியும். அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே உருளை. பிரம்ம பாகம், விஷ்ணு பாகம், ருத்ர பாகம் என்று சாஸ்திரத்தில் பெயர்.

"அர்த்தம் பெரியவங்க சொல்வாங்க, தம்பி. எனக்குக் கையால தெரிஞ்சதைச் சொல்றேன். கண்ணுக்குத் தெரியற இடம் உருண்டையா இருக்கலாம். பூமியைப் பிடிக்கிற இடம் சதுரமா இருக்கணும். உருண்டைக் கல்லை உருண்டைக் குழியில் நட்டா ஒரு பையன் கட்டிப்பிடிச்சுத் திருப்பிடுவான். சதுரக் குழியில் நட்டா யானை வந்தாலும் கல்லு உடையணுமே தவிர திரும்பாது."

எனக்கு வாதம் செய்ய ஆசை. "அப்படியானால் எட்டுப் பட்டை நாலைவிட அதிகம் பிடிக்குமா? கடற்கரைக் கோயில் லிங்கத்துக்குப் பதினாறு பட்டை இருக்கிறதே, அது இன்னும் அதிகம் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். "நாங்க கல்லை எப்படி உருட்டறோம்னு நினைக்கிறே? முதல்ல சதுரம். நாலு மூலையைச் சீவினா எட்டு. எட்டைச் சீவினா பதினாறு. அதையும் சீவினா முப்பத்திரண்டு. அப்புறம் தேய்ச்சா வட்டம். பட்டை கூடக் கூட வட்டத்துக்குத்தான் போறே. பிடிப்பு எங்கிருந்து கூடும்?"

நான் வாயடைத்துப் போனேன். மூலை மழுங்கிய நட்டு ஸ்பானரில் வழுக்குவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! அது வட்டமாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

"இன்னொண்ணு. சதுரம் வெட்டிட்டா மட்டும் போதாது. கல்லுக்கும் பீடத்துக்கும் நடுவுல இடுக்கு இருக்கும். அதுக்குத்தான் அஷ்டபந்தன மருந்து இடிச்சுச் சாத்தறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கும்பாபிஷேகம் வரும்போது மறுபடி புதுசாச் சாத்தறோம். வடிவம் பிடிச்சுக்கும், ஆனா ஆட்டம் இருந்தா எந்த வடிவமும் தேயும்."

ஆட்டம்! பாயும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

அன்று மாமல்லபுரத்திலேயே ஒரு கடையில் புது ஆணி போட்டேன். கடைக்காரர் கிராங்குக்கு அடியில் ஒரு கனமான இரும்பை முட்டுக் கொடுத்துவிட்டு ஆணியைச் சுத்தியால் அடித்து ஏற்றினார். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளில் போய் விழும். ஆணி நன்றாக ஏறி உட்கார்ந்த பிறகு கடைசியாகத்தான் நட்டை மாட்டினார். நட்டு வெறும் காவல் என்று பாய் சொன்னது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ஐம்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. எனக்கு எண்பது வயது. பேரன் சென்னையில் இருக்கிறான். விடுமுறை நாட்களில் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறான். அவன் வண்டியில் காட்டர் பின் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு அவனிடமே கேட்டேன். அவன் சொன்னதும் பிறகு நான் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இதுதான்.

காட்டருக்கு அடுத்தபடி சதுர முனை அச்சுகள் பரவின. மாமாவின் பிரம்ம பாகமேதான்! அச்சின் முனை சதுரம். ஒவ்வொரு முகமும் இரண்டு டிகிரி சாய்ந்து நுனியில் குறுகும். கிராங்கிலே சதுரத் துளை. ஒரு போல்ட்டை முடுக்கினால் கிராங்க் ஆப்பு மாதிரி அச்சின் மேல் ஏறி இறுகும். சதுரம் திரும்பாமல் பிடிக்கிறது. சாய்வு இடுக்கு இல்லாமல் அடைக்கிறது. வடிவமும் அஷ்டபந்தனமும் ஒன்றிலேயே வந்துவிட்டன.

ஆனால் சதுரத்துக்கும் ஒரு குறை உண்டு. செக்கையோ திருகையையோ சுற்றும்போது மையத்தைப் பார்த்துத் தள்ளினால் சுற்றாது. குறுக்கே தள்ளினால்தான் சுற்றும். சதுரத்தின் தட்டை முகம் மையத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. முகத்தின் நடுப்பகுதி திருப்புவதற்கு அதிகம் உதவாது. பாரமெல்லாம் மூலைகளை நோக்கிப் போய்விடுகிறது. மீதி விசை துளையை விரிக்கப் பார்க்கிறது. போல்ட் தளர்ந்த பிறகும் மிதித்துக்கொண்டே போனால் கிராங்கின் சதுரத் துளை மூலை மழுங்கி வட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்றவேண்டியதுதான்.

அதனால் பட்டையைக் கூட்டவில்லை, பள்ளம் வெட்டினார்கள். அச்சின் முனையைச் சுற்றி வரிசையாகப் பற்கள். ஒரு முறையில் எட்டு, இன்னொரு முறையில் பத்து. பள்ளத்தின் சுவர் மையத்தைப் பார்ப்பதில்லை, குறுக்கே நிற்கிறது. ஆகவே தள்ளுகிற விசை முழுவதும் திருப்புவதற்கே பயன்படுகிறது. பாரம் நாலு மூலைக்குப் பதிலாக எல்லாப் பற்களுக்கும் பங்காகிறது. மாமாவிடம் நான் கேட்ட கேள்விக்கு இது இரண்டாவது பதில்: எண்ணிக்கை கூடினால் போதாது; முகம் சரியான பக்கம் பார்க்கவேண்டும்.

பேரனின் வண்டியில் அச்சு 24 மில்லிமீட்டர் கனம், உள்ளே கூடு. கூடாக இருந்தால் பலம் குறையாதோ என்றேன். முறுக்கைத் தாங்குவது அச்சின் வெளிப்புறம்தான். நடுவில் இருக்கும் இரும்பு சும்மா கூட வருகிறது. கனத்தை இரண்டு மடங்காக்கினால் முறுக்கைத் தாங்கும் வலிமை எட்டு மடங்காகும். ஆகவே பெருக்கவைத்து உள்ளே குடைந்துவிட்டால் இலேசும் ஆகிறது, உறுதியும் ஆகிறது. மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இத்தனையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் சைக்கிள் மேல் உள்ள ஆசை மட்டும் அல்ல. அந்த இரண்டு வளையல்கள் திரும்பவில்லை. அவசரத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் வட்டி ஏறியதும் விற்றுவிட்டார்கள். என் முதல் நாவலுக்குப் பணம் வந்ததும் அக்காவுக்குப் புது வளையல் வாங்கிக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டாள். அவை நல்ல வளையல்கள். ஆனால் அவை அம்மாவின் கையில் இருந்தவை அல்ல.

அந்தச் சனிக்கிழமையின் பழியை அந்த முப்பது பைசா ஆணியின் மேல் போட்டு நான் பல வருஷங்கள் கதை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். ஆணி நாலு மாதமாக ஒவ்வொரு சுற்றுக்கும் என் காலடியில் தட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தது என்பதை மட்டும் கதையில் விட்டுவிடுவேன். எல்லாரிடமும் இணக்கமாக இருந்தேன். எங்கும் இடிக்காதவன், எங்கும் முட்டாதவன், நல்ல உருண்டை. பாரம் வந்தபோது என்ன பிடித்துக்கொண்டது? ஒன்றும் இல்லை. சுழன்றுவிட்டேன். சில இடங்களிலாவது மனிதனுக்கு ஒரு மூலை வேண்டும்.

மாமா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை லிங்கத்தைப் பற்றித்தான் பேசினாரா, என்னைப் பற்றிப் பேசினாரா என்று நான் கேட்டதே இல்லை.

போன மாதம் பேரன் வந்திருந்தான். தெருவில் ஒரு சுற்று மிதித்துவிட்டு வந்து, "தாத்தா, கொஞ்ச நாளா இடது பக்கம் 'டக்' என்கிறது" என்றான்.

"முடுக்கிவிடேன்."

"நாளைக்குப் பார்க்கலாம் தாத்தா."

நான் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து அந்த ஆணியை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். வளையல் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடாமல் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, இடது கிராங்கின் இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி முடுக்கினான். மிதியை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை.

அக்காவுக்கு எண்பத்தைந்து வயது. மாமல்லபுரத்தில்தான் இருக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று வெகுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகலே பஸ் ஏறினேன்.